டிரெய்லர் ஜன்னலுக்கு வெளித்தட்டி: மூன்று தடவை தைத்த கணக்கு

எங்கள் டிரெய்லர் பத்தடி நீளம், ஆறடி அகலம். ஒற்றை அச்சு. பொலேரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிறோம். கோயம்புத்தூரில் ஒருவர் தனக்கென்று செய்து, நாலைந்து தடவை போய்வந்து அலுத்துப்போய் விற்ற வண்டி. உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியே கயிற்றுக்கட்டிலில்தான். சுவரெல்லாம் கடைப் பெயர்ப்பலகைக்குப் போடுகிற ஏ.சி.பி. ஷீட்: நடுவில் பிளாஸ்டிக், இரண்டு புறமும் காகிதம் மாதிரி மெல்லிய அலுமினியத் தகடு. பக்கத்துக்கு ஒன்றாக 36 இன்ச் அகலம், 20 இன்ச் உயரத்தில் இரண்டு ஜன்னல். பின்சுவரில் 24க்கு 20 இன்ச்சில் ஒன்று. மூன்றும் அக்ரிலிக். மேலே கீல், கீழ் விளிம்பை வெளியே தள்ளித் திறக்க வேண்டும்.

இந்தக் கடைசி விவரத்தை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் மறைப்புத் தைக்கிற ஒரே வேலையை மூன்று தடவை செய்ய நேர்ந்தது அதனால்தான்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும்: உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அம்மாவிடம் தையல் கற்றவள். ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, பள்ளி ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளின் வேஷத்துணி, இதுவரை தைத்தது இவ்வளவுதான். வீட்டில் இருப்பது அம்மாவின் கால் மிஷின். வீடு நாகமலை புதுக்கோட்டையில். காம்பவுண்டு வடக்கு தெற்காக நீளமானது. டிரெய்லரை அந்த வாக்கில்தான் நிறுத்த முடியும். அப்படி நிறுத்தினால் இரண்டு பெரிய ஜன்னல்களும் நேராகக் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். வேறெங்கே பார்த்தாலும் பரவாயில்லை, மதுரையில் இந்த இரண்டு திசையை மட்டும் ஜன்னல் பார்க்கக் கூடாது.

எந்த வெயில்?

போன வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம், ஒரு சாயங்காலம் நாலரை மணிக்குக் கதவைத் திறந்தேன். முகத்தில் அடுப்பு அனல் அடித்தது. வேப்பமரத்து நிழலில் 38 டிகிரி, வண்டிக்குள்ளே 44. எங்கள் வீட்டுக்காரர், "உச்சி வெயில்ல நின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். உச்சி வெயில் முடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மதுரை இருப்பது வட அட்சம் 9.9 பாகையில். சித்திரை பிறந்த இரண்டாம் மூன்றாம் நாள் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நம் ஊரில் உச்சி நேரம் 12 மணி அல்ல, சுமார் 12:15, 12:20. அந்த நேரத்தில் செங்குத்தான ஜன்னல் கண்ணாடியில் வெயில் பட்டும் படாமலும் வழுக்கிப் போகிறது. உச்சி வெயிலின் அடி முழுவதும் கூரைக்கு. ஜன்னலைப் பிடித்து ஆட்டுவது காலையிலும் சாயங்காலமும் சாய்ந்து வருகிற வெயில். கிழக்கு ஜன்னலுக்கு வரும் வெயிலை இரவில் ஆறிய வண்டி தாங்கிக்கொள்கிறது. மேற்கு ஜன்னலுக்கு வரும்போது வண்டி ஏற்கெனவே கொதித்துக் கிடக்கிறது.

மே நடுவில் நாலு மணிக்கு மேற்கு ஜன்னலில் விழும் வெப்பத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜன்னலின் பரப்பு அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தெளிந்த வானத்தில் அதன் மேல் விழுவது ஏறக்குறைய 300 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு மூன்றை அந்தச் சின்ன அறைக்குள் எரியவிட்ட மாதிரி.

வெளியூரில் இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. வண்டியின் மூக்கைக் கிழக்கு மேற்காக வைத்து நிறுத்தினால் பெரிய ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது. துணி எடுக்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் இதைச் செய்து பார்ப்பது நல்லது. எங்கள் காம்பவுண்டில் அதற்கு இடமில்லை. போகிற இடத்திலும் மரம், பள்ளம், பக்கத்து வண்டி எல்லாம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

முதல் தையல்: மூடி

வீட்டுக்காரர் தன் பங்குக்கு வெள்ளி ஃபோம் ஷீட்டை வெட்டி உள்பக்கம் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். வெளிச்சம் போனது, சூடு போகவில்லை. வெயில் அக்ரிலிக்கைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் ஃபோமைச் சந்திக்கிறது. கொஞ்சம் திரும்பிப் போகிறது. மிச்சம் சூடாக மாறி, கண்ணாடிக்கும் ஃபோமுக்கும் நடுவில் தங்கி, மெல்ல அறைக்குள் வழிகிறது. ஒளியாக உள்ளே வந்தது சூடாக மாறிவிட்டால் கண்ணாடி அதை எளிதில் வெளியே விடாது. பூட்டிய காருக்குள் நடப்பதும் இதுதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்பது வரை எனக்குத் தெளிவாக இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம்.

பேப்பரை ஒட்டி ஜன்னலின் அளவுக்கு மாதிரி வெட்டினேன். அதே ஃபோமை நடுவில் வைத்து, வெளியே வெள்ளை ரெக்சின், உள்ளே காடாத்துணி என்று மெத்தை உறை போல மூன்று அடுக்கில் தைத்தேன். ஓரம் சுற்றிப் பட்டி. பார்க்க அழகாகவே இருந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதை மாட்டுவதற்குள் பட்ட பாடு தனி. சுவரில் ஓட்டை போட எனக்கு மனமில்லை. ஓட்டை போட்டால் ஐப்பசி மழைக்கு அது வாசல். உறிஞ்சுகுமிழ் வாங்கி ஒட்டினேன், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக விழுந்தது. காந்தம் வைத்துத் தைத்தால் என்ன என்று எட்டு காந்தம் வாங்கி வந்த பிறகுதான், சுவர் அலுமினியம், காந்தம் அதைச் சீண்டாது என்பது உறைத்தது. அறிவியல் டீச்சர்! கடைசியில் கோந்து ஒட்டிய வெல்க்ரோ. ஒரு வாரம் நின்றது. பிறகு வெயிலில் கோந்து இளகி, வெல்க்ரோ சுவரை விட்டுவிட்டு மூடியோடு போய்விட்டது. இப்போதும் சுவரில் அந்தப் பிசுக்குத் தடம் இருக்கிறது.

அந்த ஒரு வாரத்தில் அளந்தது: வெளியே 38, உள்ளே 41. எண்ணைப் பார்த்தால் வெற்றி. உள்ளே போய் உட்கார்ந்தால் பத்து நிமிஷம் தாங்கவில்லை. மூடி கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்ததால் ஜன்னலைத் திறக்க முடியாது, காற்று கிடையாது, இரண்டு பேருடைய மூச்சும் வேர்வையும் உள்ளேயே சுழன்றன. குளிர் நாட்டில் இப்படி மூடி போட்டுக்கொள்வார்கள், அவர்களுக்கு அது சரி. நமக்கு ஜன்னல் இருப்பதே காற்றுக்காக. இன்னொரு சேதமும் அப்புறம் கண்ணில் பட்டது. காற்றில் மூடி ஆட ஆட, இடையில் புகுந்த மணல் அக்ரிலிக்கைத் தேய்த்து, கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். கண்ணாடியைப் போல அக்ரிலிக் கீறலைத் தாங்காது.

தொம்பை தைப்பவரிடம் பாடம்

வெல்க்ரோ கழன்ற மறுநாள் பித்தளை வளையம் வாங்கக் குன்னத்தூர் சத்திரம் போனேன். புதுமண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது அங்கேதான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காட்சி மதுரைக்காரர்களுக்கு மறக்காது. சாமிக்குப் பாவாடை, தேருக்குத் தொம்பை, சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு வேஷ உடை எல்லாம் அங்கே தைத்ததுதான். சத்திரத்தில் அந்த இருட்டும் குளிர்ச்சியும் இல்லை. மிஷின் சத்தம் மட்டும் மாறவில்லை.

எனக்குத் தெரிந்த டெய்லர் அண்ணன் ஒருவர் தொம்பையும் தேர்ச்சீலையும் தைப்பவர். என் மூடியை விரித்துக் காட்டினேன். தடவிப் பார்த்தார், தையலைக் கிள்ளிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இது எதுக்கு?"

சொன்னேன்.

"வண்டிக்கு ஜன்னல் எதுக்கு வச்சாக, அடைக்கவா?" என்று சிரித்தார். "எங்கிட்டு வீடா இருந்தாலும் வெயிலுக்குத் தட்டி கட்டுவாக. தட்டிய செவுத்தோட ஒட்டியா கட்டுறாக? தள்ளித்தானே கட்டுறாக? கீழ காத்து பூரணும்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாட்டி வீட்டுத் திண்ணைக்கு முன்னால் தொங்கிய கீற்றுத் தட்டியும், சினிமா தியேட்டர் ஓரத்தில் தண்ணீர் தெளித்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டியும் கண் முன்னால் வந்தன. சிறு வயதில் அந்தத் தட்டிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து விளையாடியவள் நான்.

மேலே தொங்கிய ஒரு தொம்பையைக் காட்டினார். துணிக்குழல், மேலே வளையத்தில் இறுகத் தைத்திருக்கும், அடி திறந்தே இருக்கும். தேர் அசைகிற அசைவிலும் காற்றிலும் அது ஆடிக்கொண்டே போகும், கிழியாது. "அடியையும் கட்டிப் போட்டா ஒரு வீதி தாண்டாது" என்றார். மூலையில் இழுவை வரும் இடத்தில் உள்பக்கம் இரட்டைத் துணி வைத்திருந்தார். அந்த ஒட்டுத்துணியின் நூல் ஓட்டம் இழுவை போகிற திசையிலேயே இருக்கிறது. மூலையிலிருந்து கயிறு கோணலாக இழுக்கும்போது துணிக்கு அது கிராஸ். கிராஸில் எந்தத் துணியும் நீளும், நீண்டால் கண் விடும். ரவிக்கைக் கழுத்துப் பட்டிக்குக் கிராஸ் வெட்டத் தெரிந்த எனக்கு, அதே குணம் இங்கே எதிரி என்று தோன்றியிருக்கவில்லை.

இரண்டாவது தையல்: தட்டி, ஆனால்

வீட்டுக்கு வந்து மூடியைப் பரணில் போட்டுவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கினேன்.

தாழ்வாரம் மாதிரி ஜன்னலுக்கு மேலே ஒரு பட்டை நீட்டினால் போதுமா என்று முதலில் பார்த்தேன். மே நடுவில் நாலு மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 35 பாகையில் இருக்கும். 20 இன்ச் ஜன்னலுக்கு நிழல் விழ வேண்டுமானால் தாழ்வாரம் 28, 29 இன்ச் நீள வேண்டும். ஐந்து மணிக்குச் சூரியன் 20 பாகைக்கு இறங்கிவிடும், அப்போது நாலரை அடி வேண்டும். ஆக, மேற்கு வெயிலுக்குத் தாழ்வாரம் மட்டும் உதவாது. துணி சாய்வாக இறங்கி ஜன்னலை மறைக்க வேண்டும், அடியில் விலகியும் நிற்க வேண்டும்.

எவ்வளவு விலக வேண்டும் என்பதை ஜன்னலே சொன்னது. 20 இன்ச் கதவை 30 பாகை திறந்தால் கீழ் விளிம்பு 10 இன்ச் வெளியே வருகிறது. அதில் துணி உரசாமல் இருக்க 14 இன்ச் வைத்தேன். மேலே ஜன்னலுக்கு 3 இன்ச் மேலிருந்து தொடங்கி, கீழே 4 இன்ச் தாண்டி இறங்கினால் நேர் உயரம் 27 இன்ச். செங்கோண முக்கோணம், பைதாகரஸ்: துணி நீளம் முப்பதரை. மேலே கயிறு நுழைக்கிற மடிப்புக்கு 2 இன்ச், கீழே கம்பி நுழைக்கிற மடிப்புக்கு 3 இன்ச். மொத்தம் முப்பத்தைந்தரை.

அகலத்துக்குப் பக்கவாட்டு வெயிலையும் பார்க்க வேண்டும். ஆனி மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வடக்கே சுமார் 24 பாகை விலகி இறங்கும். மார்கழியில் அதே அளவு தெற்கே. 14 இன்ச் தள்ளி நிற்கிற துணியின் ஓரமாக அந்தக் கோணத்தில் நுழைகிற வெயில் 6 இன்ச் அளவுக்கு உள்ளே வரும். பக்கத்துக்கு 6 இன்ச் கூட்டி 48 இன்ச் என்று வைத்தேன். பக்கத்தில் முக்கோணமாகக் கன்னம் வைத்துத் தைக்கலாமா என்றும் யோசித்தேன். வைத்தால் அது பை ஆகிவிடும், காற்று பிடிக்கும். விட்டுவிட்டேன்.

துணி: நர்சரியில் பந்தல் போடுகிற ஷேட் நெட், 75 சதவீதம். நாலில் மூன்று பங்கு வெளிச்சத்தைத் தடுக்கும், கண்கள் வழியே காற்றும் விடும். பின்னல் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் நெய்த வகை வெட்டிய இடத்தில் பிரிந்துகொண்டே போகும். பச்சை வேண்டாம் என்று வெள்ளையைத் தேடினேன். பச்சை நெட் போட்டால் உள்ளே இருக்கிற ஆள் முகமெல்லாம் காமாலைக்காரர் மாதிரி தெரியும். வெள்ளை கிடைக்கவில்லை, சாம்பல் நிறம் கிடைத்தது. துணி சூடானாலும் அந்தச் சூடு வண்டிக்கு வெளியே, இடையில் ஓடுகிற காற்று அதைக் கொண்டுபோய்விடும். அதனால் நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படவில்லை.

நெட்டை அப்படியே தைத்தால் நூல் கண்ணுக்குள் விழுந்து பிடிமானம் இருக்காது. நாலு ஓரத்துக்கும் லாரி தார்ப்பாய் தைக்கிற இடத்தில் வெட்டுத்துண்டு வாங்கி, 3 இன்ச் பட்டி வெட்டி மடித்துக் கவ்வவிட்டேன். இந்தத் தார்ப்பாய்க்கு பிளாஸ்டிக் பூச்சு உண்டு. குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். பேப்பர் கிளிப் போட்டுப் பிடித்துத் தைத்தேன். ரவிக்கைக்கு வைக்கிற சின்னத் தையலும் வைக்கக் கூடாது. தபால் தலை ஓரம் மாதிரி வரிசையாகத் துளை விழுந்து, இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். தையல் நீளத்தை 4 மில்லி மீட்டருக்கு வைத்தேன். ஊசி 18 நம்பர். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டில் பூச்சு ஒட்டி நகராமல் நின்றபோது மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டேன். அடியில் துணியை நகர்த்துகிற பல்லில் நெட் மாட்டியபோது அடியில் பேப்பர் கீற்று வைத்துச் சேர்த்தே தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்து எடுத்தேன். தடிமனான இடத்தில் காலை எடுத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினேன். மோட்டார் மிஷினாக இருந்திருந்தால் எத்தனை ஊசி உடைத்திருப்பேனோ. மூலைகளில் நாலு அடுக்கு தார்ப்பாய் அம்மாவின் மிஷினுக்கு ஆகாத காரியம். அதை மட்டும் தார்ப்பாய்க் கடையில் கொடுத்துத் தைத்து, பித்தளை வளையமும் அடித்து வாங்கினேன். இரும்பு வளையம் முதல் மழைக்கே துருக்கறை விடும்.

மேலே மாட்டுவதற்கு ஓட்டை போடாமல் வழியில்லை என்று ஒத்துக்கொண்டேன். ஸ்லைடிங் ஜன்னல் செய்கிற கடையில் வாயில் சின்னப் பிளவு இருக்கிற அலுமினியச் சேனல் கிடைத்தது. ஜன்னலுக்கு மேலே, தண்ணீர் கசியாமல் அடைக்கிற பியூட்டைல் டேப்பை ஒட்டி, அதன் மேல் சேனலை வைத்து, அலுமினிய ரிவெட் அடித்தோம். துணியின் மேல் மடிப்புக்குள் 6 மில்லி மீட்டர் கயிறு. பாவாடையில் நாடா ஓடுகிற மாதிரி கயிறு மடிப்புக்குள் இருக்கும். சேனலின் ஒரு முனையில் நுழைத்து இழுத்தால் துணி முழுக்க ஓடிவந்து உட்காரும், பிளவு வழியாகக் கயிறு வெளியே வராது. கழற்ற அரை நிமிஷம். இந்த ஒரு பகுதி முதல் தடவையே சரியாக வந்தது.

கீழ் மடிப்புக்குள் வயரிங் வேலைக்குப் போடுகிற பி.வி.சி. பைப். நாலு மூலையிலும் அந்த அண்ணன் சொன்னபடி இரட்டை ஒட்டு. தையல் நூலுக்கு மட்டும் என் புத்தி குறுக்கே போனது. பலம் என்றால் நைலான் என்று நினைத்து நைலான் நூல் வாங்கிவிட்டேன். கீழ் மூலையிலிருந்து நைலான் கயிறு கட்டி, தரையில் முளைக்குச்சி அடித்து, வீணைத் தந்தி மாதிரி இறுக்கினேன்.

மே, ஜூனில் வீட்டு வாசலில் அருமையாக இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, உள்ளே சுங்குடித் திரையை மட்டும் போட்டுக்கொண்டு மத்தியானத் தூக்கம்கூடத் தூங்கினோம். பைப் நடுவில் மெல்லத் தொய்ந்து வருவதைப் பார்த்தேன். வெயிலில் பி.வி.சி. இளகும் என்று தெரிந்தும், நாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி

ஆடி இரண்டாவது வாரம் தேனிப் பக்கம் ஒரு கல்யாணம். போகிற வழியில் ஆண்டிபட்டி தாண்டி, தெரிந்தவர்கள் தோட்டத்தில் ஒரு இரவு தங்கினோம். காற்றாலைகள் நிற்கிற பூமி. கம்பம் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வருகிற தென்மேற்குக் காற்று ஆனி ஆடியில் அங்கே எப்படி அடிக்கும் என்று தேனிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அம்மி பறப்பதைப் பற்றிய பழமொழி அங்கேதான் பிறந்ததோ என்னவோ.

சாயங்காலம் நான் சமைத்துக்கொண்டிருந்தேன். துணி படபடத்தது, ஒரு நிமிஷம் நின்றது, மறுபடி ஒரே வீச்சு. "டப்" என்று சத்தம். வெளியே வந்து பார்த்தால் துணி கிழியவில்லை, மூலை ஒட்டு அப்படியே இருக்கிறது, முளைக்குச்சியும் பிடுங்கவில்லை. மேலே சேனலில் வரிசையாக மூன்று ரிவெட் ஏ.சி.பி. தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. சேனல் ஒரு முனையில் தொங்கி ஆடியது.

அன்று இரவே நோட்டில் கணக்குப் போட்டேன். மணிக்கு 54 கிலோ மீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், அந்த அளவுத் துணியில் விழும் தள்ளு சுமார் 13 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. நெட் வழியே கொஞ்சம் கசியும் என்றாலும், திடீர் வீச்சில் சுண்டி இழுக்கும்போது அது இன்னும் கூடும். அந்த இழுப்பு எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். துணியைப் பலப்படுத்தினேன், மூலையைப் பலப்படுத்தினேன், கயிறு பலமானது, முளை பலமானது. மிஞ்சியது காகிதத் தடிமனுள்ள சுவர். துணி கிழிந்திருந்தால் நூறு ரூபாய் நஷ்டம். சுவர் கிழிந்ததற்குக் கல்யாணம் முடிந்து வந்து ஒரு வாரம் செலவழித்தோம்.

கழற்றி மடிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. மேற்கு ஜன்னல் தட்டியில் நைலான் நூல் வெளுத்து, நகத்தால் தட்டினால் பிசிர் விட்டது. இரண்டு மாத வெயில்தான் பட்டிருந்தது. வெயிலுக்குப் பாலியெஸ்டர் தாங்குகிற அளவு நைலான் தாங்காது. நூல் ஆலை ஊர் என்று பெயரெடுத்த மதுரையில் இருந்துகொண்டு நூலில் தப்புப் பண்ணியதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்துவிட்டார்.

மூன்றாவது

துணியைப் புதிதாக வெட்டவில்லை. பழைய தையலைப் பிரித்து, 40 நம்பர் பாலியெஸ்டர் நூலில் ஓரம் முழுக்க இரட்டைத் தையல் போட்டேன். ஒரு மழைக்கால விடுமுறை முழுவதும் அதற்கே போனது. பி.வி.சி. பைப்பை எடுத்துவிட்டு அதே தடிமனில் அலுமினியத் திரைக்கம்பி. சேனலை இரண்டு இன்ச் மேலே ஏற்றி, சுவரின் உட்புறச் சட்டம் ஓடுகிற இடமாகத் தட்டிப் பார்த்து ரிவெட் அடித்தோம். ஏ.சி.பி. தோலில் மட்டும் மாட்டியது முதல் ரிவெட்டின் தப்பு. பழைய ஓட்டைகளுக்கு மேல் ஒரு அலுமினியப் பட்டை வைத்து அடைத்தாயிற்று. துணி நீளத்தில் இரண்டு இன்ச் உதைத்தது. கீழே 4 இன்ச் தாண்டி இறங்கியது இப்போது 2 இன்ச்தான். ஜன்னலின் அடியை அது இப்போதும் தாண்டித்தான் நிற்கிறது, பரவாயில்லை.

முக்கியமான மாற்றம் கீழ்க் கட்டில். கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவில் 2 இன்ச் வெல்க்ரோ நாக்கு ஒன்று தைத்தேன். அதை மடித்துப் போட்டிருக்கும் விதம் முக்கியம். நேராக இழுத்தால் வெல்க்ரோ யானைப் பிடியாகப் பிடிக்கும், ஓரத்திலிருந்து உரித்தால் குழந்தை கைக்கே கழன்றுவிடும். இழுவை உரிக்கிற திசையில் வருகிற மாதிரி வைத்தேன். காற்று மிஞ்சினால் வெல்க்ரோ கழன்று, துணி தொம்பை மாதிரி மேலே மட்டும் பிடித்துக்கொண்டு ஆடும். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது. அங்கே மூலைக்கு ஒன்றாக 5 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. மொத்தம் 10 கிலோதான், வீச்சு பெரிதானால் கேன் நகர்ந்து கொடுக்கும். வீட்டுக்காரர் 20 லிட்டர் கேன் வைக்கலாமே என்றார். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லச் சுவரில் இருந்த ஒட்டுப் பட்டையே போதுமாக இருந்தது.

திரும்ப அளந்தது இந்த ஏப்ரல் கடைசியில். வெளியே 38 காட்டிய ஒரு சாயங்காலம் நாலரைக்கு, ஜன்னல் திறந்த நிலையில் உள்ளே முப்பத்தொன்பதரை. முதல் தடவை அளந்த 44உடன் இதை ஒப்பிடுவது முழுக்க நியாயமல்ல. அன்று ஜன்னல் சாத்தியிருந்தது, நாளும் வேறு, காற்றும் வேறு. ஒரே நாளில் தட்டியை மாட்டியும் கழற்றியும் அரை மணி நேர இடைவெளியில் பார்த்தபோது இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் வித்தியாசம் வந்தது. நான் நம்புவது அந்த இரண்டு டிகிரியை. மிச்சமெல்லாம் காற்றின் புண்ணியம். தட்டி இல்லாமல் ஜன்னலைத் திறந்தால் வெயில் நேராக மெத்தையில் விழும் என்பதால், அந்தக் காற்றையும் தட்டியின் கணக்கிலேயே எழுதலாம். கூரைச் சூட்டுக்கு இது எதுவும் செய்யாது. உச்சி நேரத்தில் வண்டிக்குள் இப்போதும் உட்கார முடியாது.

செலவு: இரண்டு பெரிய ஜன்னலுக்கும் சேர்த்து, சேனல், ரிவெட், மூலைத் தையல் கூலி எல்லாம் அடங்க மூவாயிரத்துக்குள். பரணில் கிடக்கிற மூடியையும் எட்டு காந்தத்தையும் இதில் சேர்க்கவில்லை.

வண்டி கிளம்பும் முன் இரண்டையும் கழற்றி, ஈரமிருந்தால் உலர்த்தி, கம்பியோடு சுருட்டிப் படுக்கைக்கு அடியில் வைக்கிறோம். ஈரத்தோடு சுருட்டினால் தார்ப்பாய்ப் பட்டியில் பூசணம் பிடிக்கிறது, நெட்டில் பிடிப்பதில்லை.

போன மாதம் அழகர்கோவில் அடிவாரத்தில் நிறுத்தியிருந்தோம். காற்றுக்கென்று நான் தைத்த வெல்க்ரோ நாக்கை ஒரு குரங்கு வந்து உரித்துப் பார்த்தது. சர்ரென்ற சத்தம் பிடித்துப்போயிருக்க வேண்டும். ஒட்டிவைத்து மறுபடி உரித்தது. பிறகு நாலைந்து சேர்ந்து வந்து மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூர எறிந்து மீட்டார். பின் ஜன்னலுக்கு இன்னும் தைக்கவில்லை. நெட் மிச்சம் இருக்கிறது. கீழ்க் கட்டுக்கு வெல்க்ரோவை விட்டால் வேறென்ன என்று அண்ணனைக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.